எஸ்கிமோ, இனுவிட்: ஒரு பெயர் வழக்கின் வரலாறு

வடதுருவத்தை ஒட்டிய பனிநிலங்களில் வாழும் மக்களை எஸ்கிமோக்கள் என்னும் பெயராலேயே தமிழுலகம் நெடுங்காலமாக அறிந்துவந்துள்ளது. பள்ளிப் புவியியல் பாடத்தில் இக்லூ, நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டி, தோலாடை ஆகியவற்றோடு சேர்த்து மனனம் செய்த பெயர் அது. தன்னம்பிக்கை நூல்களிலும் மேடைப் பேச்சுகளிலும் எஸ்கிமோவுக்கே பனிக்கட்டி விற்றுவிடும் திறமைசாலி இன்றும் உலவுகிறார். இப்பெயருக்குப் 'பச்சை இறைச்சி உண்போர்' என்று பொருள் கூறி, அதன்பின் 'எனவே இது இழிசொல்; இனுவிட் என்பதே சரி' என்று முடிப்பது அண்மைக்காலத் தமிழ்க் கட்டுரைகளின் வழக்கமாகியுள்ளது. இக்கூற்றின் முதற்பகுதி ஐயத்திற்குரியது. இரண்டாம் பகுதி பாதி மட்டுமே உண்மை. இவ்விரண்டையும் வரலாற்றுச் சான்றுகளின் வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயராய்வு தமிழ்ப் புலமைக்குப் புதியதன்று. ஊர்ப்பெயர், குடிப்பெயர், திணைப்பெயர் எனப் பல நிலைகளில் நம்மவர் அதனை நிகழ்த்தியுள்ளனர். ஆயினும் ஒரு பெயரின் வேரைக் கண்டுவிட்டால் அதன் பொருளைக் கண்டுவிட்டோம் என்னும் எண்ணம் நம் ஆய்வுகளில் சற்று மிகுதியாகவே ஊன்றியுள்ளது. எஸ்கிமோ என்னும் சொல் அவ்வெண்ணத்தின் எல்லையைக் காட்டும் நல்லதோர் எடுத்துக்காட்டு.

சொல்லின் பிறப்பு

எஸ்கிமோ என்பது அம்மக்களின் மொழிச் சொல் அன்று. அவர்க்குத் தெற்கே, இன்றைய கனடாவின் கிழக்குப் பகுதியில் வாழும் அல்கோன்கிய மொழிக் குடும்பத்தினரிடமிருந்து ஐரோப்பியர் செவிவழிப் பெற்ற சொல் அது. 1584இல் ஆங்கிலேயரான ரிச்சர்ட் ஹக்ளூயிட் எழுதிய குடியேற்றம் பற்றிய நூலில் இதன் பழைய வடிவம் ஒன்று காணப்படுகிறது. 1611இல் பிரெஞ்சு சேசு சபைத் துறவி பியேர் பியார் 'எக்ஸ்கொமின்குவா' என எழுதினார். பின்னர் பிரெஞ்சில் எஸ்கிமோ என நிலைபெற்று, ஆங்கிலத்திலும் டேனிய மொழியிலும் பரவியது. பிரெஞ்சு எழுத்துமுறையின் ஈற்றில் நிற்கும் ஒலிக்காத எழுத்துகளை ஆங்கிலேயர் சில காலம் சுமந்து திரிந்து, பிறகு உதறினர்.

பச்சை இறைச்சி உண்போர் என்னும் பொருள் எவ்வாறு வந்தது? அல்கோன்கிய மொழிகள் சிலவற்றில் 'பச்சையான' என்னும் பொருளுடைய அடி ஒன்று ஒலியால் இச்சொல்லை ஒத்துள்ளது. அம்மொழிகளை அறிந்த சமயப் பரப்பாளர்களும் வணிகர்களும் இரண்டையும் பொருத்தினர், அகராதிகள் ஏற்றன, கலைக்களஞ்சியங்கள் பரப்பின. ஒலி ஒப்புமை ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்ட சொற்பிறப்பு விளக்கங்கள் நம் மொழியிலும் எத்தனை நிலைபெற்றுள்ளன என்பதை இவ்விடத்துக் கூற வேண்டியதில்லை.

இவ்விளக்கத்தை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருவர் மறுத்தனர். கியூபெக்கைச் சேர்ந்த மானிடவியலாளர் ஜோசே மாயோ, இன்னு மக்களின் மொழியில் தோய்ந்தவர். 1978இல் வெளியிட்ட ஆய்வில், இச்சொல் வேற்று மொழி பேசுவோரைக் குறித்ததாகும் என நிறுவ முயன்றார். சுமித்சோனியன் நிறுவனத்தின் மொழியியலாளர் ஐவ்ஸ் கோடார்ட், 1984இல் வெளியான வட அமெரிக்கப் பழங்குடிகள் கையேட்டின் ஆர்க்டிக் தொகுதியில் வேறொரு வழியைக் காட்டினார். பனிமிதியடிக்கு வலை பின்னுபவர் என்னும் பொருள்தரும் இன்னுச் சொல்லே இதன் மூலம் என்பது அவர் முடிபு. மொழியியலாளரிடையே இன்று மிகுதியாக ஏற்கப்படுவது இதுவே. இதில் குறிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. இச்சொல்லையும் இதன் இனச்சொற்களையும் இன்னு மக்கள் துருவப்பகுதியினர்க்கு மட்டுமே உரிய பெயராக ஆளவில்லை. தெற்கே வாழ்ந்த மிக்மாக் மக்களையும் அதனால் சுட்டியுள்ளனர். யாரைக் குறித்த சொல் என்பதே தொடக்கத்தில் நெகிழ்வாக இருந்திருக்கிறது.

இன்னு, இனுவிட் என்னும் இரு பெயர்களையும் ஒன்றெனக் கொள்ளும் பிழை தமிழில் எளிதில் நேரக்கூடியது. இன்னு மக்கள் அல்கோன்கிய மொழியினர், காட்டுப்பகுதி வேட்டையர். பிரெஞ்சுக்காரர் அவர்களை மலைவாழ்நர் என்னும் பொருள்பட மொந்தாஞே என்றனர். எஸ்கிமோ என்னும் சொல்லை ஐரோப்பியர்க்குத் தந்தவர் அவர்கள். அச்சொல்லால் சுட்டப்பட்டவர் இனுவிட்.

பெயர் செய்த வேலை

சொற்பிறப்பு தவறு என நிறுவப்பட்டுவிட்டதால் பெயர் மாசற்றதாகிவிடுமா என்பதே அடுத்த வினா. பொருள் தவறாக இருப்பினும், அத்தவறான பொருளோடுதான் அச்சொல் முந்நூறு ஆண்டுகள் வழங்கிற்று. கேட்டோர் கேட்டது அதனையே. சொன்னோர் பலர் எண்ணியதும் அதனையே. திமிங்கிலத்தின் தோலையும் அதனை ஒட்டிய கொழுப்பையும் பச்சையாக உண்பதனால் அம்மக்களுக்கு உயிர்ச்சத்து சி கிடைத்தது. காய்கனி விளையாத நிலத்தில் அவர்கள் ஸ்கர்வி நோயின்றி வாழ்ந்தனர். உப்பிட்ட இறைச்சியையும் பிஸ்கட்டையும் உண்ட ஐரோப்பிய மாலுமிகளை அந்நோய் தொடர்ந்து வருத்திற்று. ஆயினும் பச்சை இறைச்சி என்பது காட்டுமிராண்டி நிலையின் அடையாளமாகவே நூல்களில் நின்றது.

இதன் விளைவு வெறும் உளவருத்தம் மட்டும் அன்று. யார் சொல் சாட்சியாக ஏற்கப்படும், யார் சொல் தள்ளப்படும் என்பதையும் அது முடிவுசெய்தது. 1845இல் சர் ஜான் பிராங்கிளின் தலைமையில் எரிபசு, டெரர் என்னும் இரு கப்பல்களில் வடமேற்குக் கடல்வழி தேடிச் சென்ற 129 பேரும் மீளவில்லை. 1854இல் ஹட்சன் விரிகுடா கும்பினியின் மருத்துவரும் நில ஆய்வாளருமான ஜான் ரே, இனுவிட் மக்களிடம் கேட்டறிந்த செய்திகளோடு திரும்பினார். கப்பலினர் பட்டினியால் மாண்டனர். இறுதி நாள்களில் சிலர் இறந்த தோழர்களின் உடலை உண்டனர் என்பது அச்செய்தி. பிராங்கிளின் குழுவினரின் வெள்ளிக் கரண்டிகளையும் பிற பொருள்களையும் அவர் அம்மக்களிடமிருந்து பெற்று வந்திருந்தார்.

இலண்டன் கொதித்தது. நாவலாசிரியர் சார்லசு டிக்கன்சு தாம் நடத்திய 'ஹவுசுஹோல்ட் வேர்ட்சு' இதழில் 1854 டிசம்பரில் எழுதிய கட்டுரைகளில், எஸ்கிமோக்களின் சொல்லை நம்பத்தகாத காட்டுமனிதரின் சொல் எனத் தள்ளினார். அவர்களே பிராங்கிளின் குழுவினரைக் கொன்றிருக்கக்கூடும் எனவும் ஐயுற்றார். ஏழையரின் துயரை எழுதிப் புகழ்பெற்ற எழுத்தாளர் இவ்வாறு எழுதியமை வியப்பளிப்பதே. ரே தம் கூற்றிலிருந்து பின்வாங்கவில்லை. அதனால் அவர் பெயருக்கு நேர்ந்த இழுக்கு நெடுநாள் நீங்கவில்லை. 1997இல் வெளியான எலும்பாய்வு, கிங் வில்லியம் தீவில் கிடைத்த மாலுமிகளின் எலும்புகளில் கத்தி வெட்டுத் தடங்கள் இருப்பதை உறுதிசெய்தது. எரிபசு 2014இலும் டெரர் 2016இலும் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டன. முன்னதைத் தேட இனுவிட் வாய்மொழி மரபு துணைநின்றது. பின்னது ஜோவா ஹேவன் ஊரைச் சேர்ந்த இனுவிட் ஒருவர் தந்த தகவலால் கிடைத்தது. வாய்மொழிச் செய்தி நூற்றறுபது ஆண்டுகள் தன் செறிவு குன்றாமல் நின்றது என்பதை வாய்மொழி மரபை ஆராயும் நம்மவர் தனியே எண்ணிப் பார்க்கலாம்.

இருபதாம் நூற்றாண்டில் இப்பெயர் சந்தைக்கும் வந்தது. 1922இல் இராபர்ட் பிளாகர்ட்டியின் 'நானூக் ஆஃப் தி நார்த்' திரைப்படம் வெளியாயிற்று. அதே காலத்தில் சாக்லேட் பூசிய ஐஸ்கிரீம் ஒன்று அமெரிக்காவில் எஸ்கிமோ பை என்னும் பெயரில் விற்பனையாகத் தொடங்கியிருந்தது. படத்தில் நானூக்காகத் தோன்றியவரின் உண்மைப் பெயர் அல்லகரியால்லாக். நானூக் என்பது துருவக் கரடியைக் குறிக்கும் சொல். உலகெங்கும் முகம் அறியப்பட்ட ஒருவர் தம் பெயரால் அறியப்படவில்லை.

எஸ்கிமோக்கள் இந்தியரா?

இந்தியாவில் இருந்து இவ்வரலாற்றைப் படிப்போர்க்கு ஒரு வழக்கு சிறப்பாகச் சுவை தருவது. 1867ஆம் ஆண்டுப் பிரித்தானிய வட அமெரிக்கச் சட்டம் 'இந்தியர்' பற்றிய அதிகாரத்தைக் கனடாவின் ஒன்றிய அரசிடம் ஒப்படைத்திருந்தது. சிந்து என்னும் ஆற்றின் பெயர் பாரசீகம், கிரேக்கம், இலத்தீன் எனப் பல வாய் கடந்து நமக்குப் பெயராகி, பின்பு கொலம்பசின் திசைத் தவற்றால் அமெரிக்கப் பழங்குடிகளின் மேல் ஏறியது அனைவரும் அறிந்ததே. அப்பெயர் துருவ மக்களையும் உள்ளடக்குமா என்னும் வினா 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் எழுந்தது. கியூபெக் மாகாணத்தின் வடபகுதியில் பட்டினியால் வாடிய இனுவிட் மக்களுக்கு நிவாரணச் செலவை ஏற்க வேண்டியது மாகாணமா, ஒன்றிய அரசா என்னும் பூசலே அதன் உண்மைக் காரணம். அவர்கள் இந்தியர் அல்லர் என ஒன்றிய அரசு வாதிட்டது.

1939 ஏப்ரல் 5ஆம் நாள் கனடா உச்ச நீதிமன்றம் எஸ்கிமோக்களும் அச்சட்டத்தின் பொருளில் இந்தியரே எனக் கருத்துரைத்தது. நீதிபதிகள் சான்றாகக் கொண்டவற்றுள் முதன்மையானது, ஹட்சன் விரிகுடா கும்பினி 1857இல் பிரித்தானிய நாடாளுமன்றக் குழுவிற்கு அளித்த மக்கள்தொகைக் கணக்கு. அதில் எஸ்கிமோக்கள் இந்தியர் தலைப்பின்கீழ் எண்ணப்பட்டிருந்தனர். அயலார் இட்ட ஒரு பெயர் அயலார் இட்ட இன்னொரு பெயருக்குள் அடங்குமா என்பதை அயலாரின் வணிகக் கணக்கைக்கொண்டு முடிவுசெய்த இவ்வழக்கில் அம்மக்கள் தம்மை எவ்வாறு அழைத்துக்கொள்கின்றனர் என்பது பொருட்டாகவே இல்லை. 1951இல் திருத்தி எழுதப்பட்ட இந்தியர் சட்டம், எஸ்கிமோக்கள் எனப் பொதுவாக அறியப்படும் மக்களுக்கு அது பொருந்தாது எனக் கூறி மீண்டும் அவர்களை வெளியே நிறுத்தியது. பிற்காலத்தில் அப்பிரிவிலிருந்த எஸ்கிமோ என்னும் சொல் நீக்கப்பட்டு, அவ்விடத்தில் இனுவிட் என எழுதப்பட்டது. 1982ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, பழங்குடியினர் என்போர் இந்தியர், இனுவிட், மெட்டிசு ஆகியோர் என வகுத்தது. அவர்தம் சொந்தப் பெயர் நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் இடம்பெற்றது அப்போதுதான்.

தகட்டெண்

இனத்தின் பெயரினும் ஆளின் பெயர் நெருக்கமானது. இனுவிட் மரபில் தனியாளுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. பெயருக்கு ஆண்பால் பெண்பால் வேறுபாடும் இல்லை. இறந்தவர் ஒருவரின் பெயரைப் பிறக்கும் குழந்தைக்கு இடுவர். பெயரோடு அவருடைய தன்மையும் உறவும் குழந்தையை வந்தடையும் என்பது நம்பிக்கை. தன் தாயின் பெயரைப் பெற்ற மகளை 'அம்மா' என்றே ஒருத்தி விளிப்பாள். இதனை விளங்கிக்கொள்ள ஆங்கில வாசகருக்கு நீண்ட அடிக்குறிப்பு வேண்டும். பாட்டன் பெயரைத் தாங்கியவன் ஆதலின் பெயரன் என்றும், பேரன் என்றும் வழங்கும் மொழியினர்க்கு வேண்டா. நம் வீடுகளிலும் மாமியாரின் பெயரைத் தாங்கிய மகளைப் பெயர்சொல்லி அதட்டத் தயங்கிய தாயர் உண்டு.

இப்பெயர்முறை அரசுப் பதிவேட்டில் அடங்கவில்லை. பரப்பாளர் இட்ட விவிலியப் பெயர்கள் ஒருபுறம், ஒவ்வோர் அலுவலரும் தாம் கேட்டவாறு எழுதிய இனுவிட் பெயர்கள் மறுபுறம். பாங்னிர்டுங் ஊரில் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் 1935இல், படைவீரர்க்குப் போன்று எண் பொறித்த வில்லை அளிக்கலாம் என அரசுக்கு எழுதினார். 1941 முதல் அவ்வாறே செய்யப்பட்டது. துளையிட்ட சிறு வட்ட வில்லை. நடுவில் அரசமுடி, சுற்றிலும் எஸ்கிமோ அடையாளம், கனடா என்னும் எழுத்துகள், பின்புறம் எண். கழுத்தில் கயிற்றில் கோத்தோ ஆடையில் தைத்தோ அதனை வைத்துக்கொள்ள வேண்டும். 1945இல் ஆர்க்டிக் பகுதி கிழக்கே ஒன்பது, மேற்கே மூன்று எனப் பன்னிரண்டு மாவட்டங்களாகப் பிரிக்கப்பட, எண்ணுக்கு முன் திசையும் மாவட்டமும் சேர்ந்தன. மருத்துவம், குடும்ப உதவித்தொகை, பள்ளி, காவல் என எல்லாப் பதிவிலும் இவ்வெண்ணே ஆள். கனடாவின் வேறெந்த மக்களுக்கும் இத்தகைய வில்லை அளிக்கப்படவில்லை.

இதற்கு இருமுகம் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. அக்காலத்து முதியோர் சிலர் அவ்வில்லையை வெறுப்பின்றியே நினைவுகூர்ந்துள்ளனர்; தம் பெயரைச் சிதைத்து எழுதிய அலுவலரைக் காட்டிலும் எண் பிழையற்றதாக இருந்ததாம். அடுத்த தலைமுறையினர்க்கு அது அவமானத்தின் சின்னம். பாடகி லூசி இட்லௌட் தம் இசைத்தொகுப்பு ஒன்றிற்குத் தம் தாயின் வில்லை எண்ணையே தலைப்பாக இட்டு, அது என் தாயின் பெயர் எனச் சேர்த்தார்.

1960களின் இறுதியில் வடமேற்கு நிலப்பகுதி அரசு குடும்பப்பெயர்த் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதனை நடத்தியவர் ஏப் ஓக்பிக், நிலப்பகுதி மன்றத்தில் அமர்ந்த முதல் இனுக். ஊர் ஊராகச் சென்று ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு பெயரைத் தெரிவுசெய்யச் செய்தார். பலர் தந்தை அல்லது பாட்டன் பெயரைக் குடும்பப்பெயராக்கினர். தில்லியிலும் மும்பையிலும் படிவங்களின் முன் நின்று, இல்லாத குடும்பப்பெயரின் இடத்தில் தந்தை பெயரை எழுதித்தந்த தமிழர் இதனை எளிதில் உணர்வர். ஆயினும் நம் தலைப்பெழுத்தை நம்மவரே விரும்பி ஏற்றனர். அங்கே தெரிவு இரண்டே. எண், அல்லது ஐரோப்பிய முறையிலான பெயர். தகட்டெண் முறை 1970களில் மறைந்தது.

இனுவிட் என்னும் பெயர்

இனுக் என்பது மனிதன்; இருவர் எனின் இனூக்; மூவர் முதலாயினோர் இனுவிட். வடமொழியிற் போல இருமை எண் அம்மொழியில் உண்டு. மொழியின் பெயர் இனுக்டிடுட், 'இனுவிட்டைப் போல' என்பது அதன் பொருள். கனடாவில் இப்பெயரை அரசியல் வழக்காக்கியது 1971இல் தோன்றிய இனுவிட் அமைப்பு. அது 2001 முதல் இனுவிட் டாபிரீட் கனடாமி எனப்படுகிறது. 1977இல் அலாசுகாவின் பாரோ நகரில் எபென் ஹாப்சன் முயற்சியால் அலாசுகா, கனடா, கிரீன்லாந்து ஆகிய நாட்டுப் பேராளர் கூடி இனுவிட் துருவவட்ட மாநாட்டை நிறுவினர். ஏறத்தாழ 1,80,000 மக்களின் சார்பில் பேசும் அவ்வமைப்பு இன்று மன்றம் எனப் பெயர் கொண்டுள்ளது. நிலப்படமும் மாறிற்று. பிரோபிஷர் விரிகுடா எனப்பட்ட ஊர் 1987இல் இக்காலுயிட் ஆயிற்று. மீன் மிக்க இடம் என்பது பொருள். எஸ்கிமோ முனை என்றே பெயர் தாங்கியிருந்த ஊர் 1989இல் ஆர்வியாட் ஆயிற்று. 1999 ஏப்ரல் 1இல் 'நம் நிலம்' என்னும் பொருளுடைய நூனவுட் தனி நிலப்பகுதியானது. மாநாடு கூடிய பாரோவும் 2016இல் மக்கள் வாக்கெடுப்பால் உட்கியாக்விக் என்னும் பழம்பெயருக்குத் திரும்பியது.

இதுவரை கூறியவற்றால், எஸ்கிமோ என்பதை அடித்துவிட்டு எல்லா இடத்தும் இனுவிட் என எழுதினால் போதும் எனத் தோன்றலாம். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

அலாசுகாவின் மேற்கிலும் தென்மேற்கிலும், பெரிங் நீரிணையைக் கடந்து ருசியாவின் சுகோட்கா கரையிலும் வாழ்வோர் யூப்பிக் மக்கள். அவர்கள் மொழிகள் இனுவிட் மொழிகளோடு ஒரே கிளையைச் சேர்ந்தவை எனினும் வேறானவை. அவற்றில் மனிதனுக்குரிய சொல் யுக். இனுக் என்பது அவர்கள் சொல்லே அன்று. யூப்பிக் என்பதற்கு உண்மையான மனிதன் எனப் பொருள். அவர்களை இனுவிட் என்றழைப்பது தெலுங்கரைத் தமிழர் என்றழைப்பது போன்றது. இனுவிட், யூப்பிக் ஆகிய இரு சாராரையும் ஒருங்கே குறிக்க எஸ்கிமோ ஒன்றே பொதுச்சொல்லாக இருந்தமையால், கனடாவில் வெறுக்கப்பட்ட சொல் அலாசுகாவில் நெடுநாள் வெறுக்கப்படாமல் நின்றது. 1977இல் அமைந்த திமிங்கில வேட்டையர் ஆணையம் தன் பெயரில் எஸ்கிமோவைத் தாங்கியது. முதியோர் பலர் தம்மை அச்சொல்லாலேயே குறித்தனர். அங்கும் நிலை மாறிவருகிறது. 2016இல் அமெரிக்க ஒன்றிய அரசு இரு சட்டங்களில் இருந்த எஸ்கிமோ, அலூட் ஆகிய சொற்களை நீக்கி அலாசுகப் பழங்குடியினர் என மாற்றியது. எஸ்கிமோ பை என்னும் ஐஸ்கிரீமும் எட்மன்டன் நகரக் கால்பந்து அணியும் 2020இல் அப்பெயரைக் கைவிட முடிவுசெய்தன. ருசியாவிலோ எஸ்கிமோ என்பதன் ருசிய வடிவமே இன்றும் அலுவல் வழக்கு.

கிரீன்லாந்தில் பெரும்பான்மையோர் தம்மைக் கலால்லிட் என்பர். இப்பெயர், இடைக்காலத்தில் அங்குக் குடியேறிய நார்சு மக்கள் அவர்களைக் குறித்த 'சுக்ரேலிங்' என்னும் சொல்லின் திரிபு எனவே ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அயலார் இட்ட இகழ்ச்சிப் பெயர் ஒன்று அம்மக்கள் நாவில் திரிந்து, இன்று அவர் நாட்டின் பெயரிலேயே பெருமையோடு நிற்கிறது. பிறப்பால் ஒரு பெயரை நல்லதென்றும் தீயதென்றும் தீர்க்க முடியாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? எஸ்கிமோ என்பதன் பொருள் 'வலை பின்னுபவர்' என நாளையே ஐயமற நிறுவப்பட்டாலும் கனடாவின் இனுவிட் அதனை மீண்டும் ஏற்கப்போவதில்லை. அவர்கள் மறுத்தது சொல்லின் வேரையன்று, வில்லையில் பொறித்த சொல்லை.

தமிழில் எவ்வாறு வழங்குவது

தம் பெயரைப் பொது மனிதப் பெயராகவே கொண்ட மக்கள் நம் அருகிலும் உண்டு. நீலகிரித் தோடர் தம்மை 'ஓள்' என்பர். கோண்டு மக்கள் தம்மைக் 'கோயித்தூர்' என்பர். ஒராவோன் எனப்படுவோர் தம்மைக் 'குருக்' என்பர். திராவிட மொழியியல் படித்தோர்க்கு இவை தெரிந்தவையே, எனினும் நம் பாடநூல்கள் அயற்பெயர்களையே முதன்மையாக வழங்குகின்றன. அந்தமான் ஜாரவா என்னும் பெயர் அண்டைப் பழங்குடியினர் மொழியில் 'அயலார்' எனப் பொருள்படுவது. மாயோ எஸ்கிமோவுக்குக் கூறிய பொருளோடு ஒப்பது. லுசாய் மலை மாவட்டம் 1954இல் நாடாளுமன்றச் சட்டத்தால் மிசோ மாவட்டமானது நம் நாட்டில் நிகழ்ந்த இனுவிட்டு மாற்றம் எனலாம். ஆகவே துருவ மக்களின் பெயரை நாம் எவ்வாறு எழுதுகிறோம் என்பது தொலைதேசத்துக்குக் காட்டும் வெற்று மரியாதை அன்று.

எழுத்து வடிவத்தில் இன்யூட், இனூயிட், இனுயிட், இனுவிட் எனப் பல காணப்படுகின்றன. உகரத்தின் பின் இகரம் வருங்கால் வகர உடம்படுமெய் தோன்றுதல் தமிழ் இயல்பாதலின் இனுவிட் என்பதே பொருந்தும். டகர மெய் மொழிக்கு இறுதியில் வாராது என்போர் இனுவிட்டு எனலாம்; வேற்றுமை ஏற்கும்போது அது தானே அவ்வாறு ஆகிவிடுகிறது. இனுவிட் பன்மையாதலின் இனுவிட்டுகள் என்பது இரட்டைப் பன்மை எனக் கடிவார் உளர். அவர்கள் என்னும் இரட்டைப் பன்மையை நாள்தோறும் வழங்கும் நாம் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஒருவரைக் குறிக்கும்போது மட்டும் இனுக் என்றல் நன்று.

கனடாவின் மக்களை இனுவிட் என்றும், அலாசுகாவின் வடபகுதியினரை இனுப்பியாட் என்றும், தென்மேற்கினரையும் சைபீரியக் கரையினரையும் யூப்பிக் என்றும், கிரீன்லாந்தினரைக் கலால்லிட் அல்லது கிரீன்லாந்தர் என்றும் தெரிந்த அளவில் தனித்தனியே எழுதுவதே முறை. பழைய நூற்பெயர்களிலும் தீர்ப்புகளிலும் உள்ள எஸ்கிமோவைத் திருத்தக் கூடாது. பிரான்சு போவாசு 1888இல் வெளியிட்ட நூலின் பெயர் 'நடுப்பகுதி எஸ்கிமோ' என்பதே; அதனை மாற்றினால் வரலாறு மாறிவிடாது, மறைந்துவிடும். கலைச்சொல் அகராதியில் எஸ்கிமோ என்னும் உருப்படிக்கு எதிரே பச்சை இறைச்சி விளக்கத்தை எழுதுவோர், அது பழைய நம்பிக்கை என்றாவது குறிக்க வேண்டும்.

எல்லா இடத்தும் இது தீர்ந்துவிடவில்லை. மொழிக்குடும்பத்தின் பெயர் எஸ்கிமோ-அலூட் என்றே நூல்களில் மிகுதியும் நிற்கிறது. இனுவிட்-யூப்பிக்-உனங்கன் என்னும் மாற்றுப்பெயர் மெல்லப் பரவுகிறது. துருவவட்ட மன்றம் 2010இல் நிறைவேற்றிய தீர்மானம், தொல்லியலாளரின் 'தொல்எஸ்கிமோ' என்னும் சொல்லையும் தொல்இனுவிட் என மாற்றக் கோரியது. பலர் ஏற்றனர். ஆனால் 2014இல் வெளியான மரபணு ஆய்வின்படி அப்பழமக்கள் இன்றைய இனுவிட்டின் முன்னோர் அல்லர், வேறோர் இனத்தவர். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்குமுன் அவர்கள் மறைந்தனர். இனுவிட் கதைகள் அவர்களை டுனீட் என்கின்றன, வலிமையும் நாணமும் மிக்கவர் என வருணிக்கின்றன. தொல்லியலாளர் டயமன்ட் ஜென்னசு 1925இல் டோர்செட் முனை என்னும் இடத்தை ஒட்டி அவர்தம் இறுதிக்காலப் பண்பாட்டுக்கு டோர்செட் எனப் பெயரிட்டார். அவ்வூரும் 2020இல் தன் பெயரைக் கிங்ஙாயிட் என மாற்றிக்கொண்டது. டோர்செட் மக்கள் தம்மை என்ன பெயரால் அழைத்துக்கொண்டனர் எனக் கேட்பதற்கு இன்று அவர்களில் எவரும் இல்லை.